பிடி அரிசிக் கணக்கு

ஒருவேளை உலைக்கு ஒரு பிடி.
ஒரு நாளைக்கு இருவேளை.
ஒரு மலையில் நூற்றுப்பத்து வீடு.
ஒரு வருடத்தில் கோயிலுக்கு எத்தனை மூட்டை?

நாலாம் வகுப்புக் கரும்பலகையில்
நீ போட்ட கணக்கு இது.
'பிடியின் எடை சொல்லலியே டீச்சர்' என்று எழுந்தவன்
ஸோனுனா, உன் மூத்த மகன்.
வகுப்பு சிரித்தது. நீ சிரிக்கவில்லை.
'சரியான கேள்வி' என்றாய்.
மறுநாள் தராசோடு வந்தாய்.

மிஸோரம் மலைகளில் இது எல்லா வீட்டிலும் உண்டு.
அரிசி களையுமுன் ஒரு பிடி
கர்த்தருடைய டப்பாவுக்கு.
உன் கை சின்னது, ரோசியாமி டீச்சர்
(பள்ளியில் 'அம்மா' என்றால் நீ திரும்பமாட்டாய்).
தராசு காட்டிக்கொடுத்த அன்றிலிருந்து
நீ இரண்டு பிடி எடுத்தாய்.
யாரிடமும் சொல்லவில்லை.
சோறு குறைந்தது எங்களுக்குத் தெரிந்தது.

எனக்கு முப்பத்தொன்று போட்டவள் நீ.
முப்பத்துமூன்று எடுத்தால் தேர்ச்சி.
இரண்டே மதிப்பெண்ணுக்காக
விடைத்தாளோடு சமையல்கட்டு வரை வந்து அழுதேன்.
அன்று இரவு பன்றிக்கறியில்
கொழுப்புள்ள துண்டாய்ப் பார்த்து என் தட்டில் வைத்து,
'டீச்சர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள்.
நீ சாப்பிடு' என்றாய்.

போதகர் ஒட்டும் அறிவிப்பில் எழுத்துப் பிழை இருந்தால்
கூட்டம் கலையும்வரை காத்திருப்பாய்.
பிறகு பையிலிருந்து சிவப்புப் பேனா.

சம்பாய் சாலையில் மண் சரிந்த ஜூலையில்
ஜீப்போடு போனான் ஸோனுனா.
அடுத்த ஞாயிறும் நீ ஆராதனைக்குப் போனாய்.
அதே மூன்றாம் வரிசை. இடுப்பில் அதே புவான்.
மத்தளம் தொடங்கியதும் எழுந்து நின்றாய்.
வாய் திறக்கவில்லை.
ஐம்பத்திரண்டு ஞாயிறு.
பாட்டுப் புத்தகம் சரியான பக்கத்தில் விரிந்திருக்க
உதடுகள் ஒட்டியே இருந்தன.
மூப்பர்கள் கேட்கவில்லை.
மத்தளக்காரர் மட்டும்
உன் பக்கம் பார்த்தபடியே அடிப்பார்.

'ஆண்டவர்மேல் கோபமா?'
ஒருமுறை கேட்டுவிட்டேன்.
'பேசிக்கொண்டுதான் இருக்கிறோம்' என்றாய்,
அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகொரு நாள்,
மழை கூரைத் தகரத்தில் இரைந்துகொண்டிருக்க,
மூன்றாம் சரணத்தின் பாதியில்
உன் குரல் வந்தது,
சுருதி விலகி, கொஞ்சம் பிந்தி.
ஏன் அன்று, ஏன் அந்த வரியில்
என்று நீ சொன்னதேயில்லை.
எனக்கும் இன்றுவரை விடை பிடிபடவில்லை.

மூங்கில் பூத்த வருடம் எலிகள் வந்தன.
ஓர் இரவில் வயலில் வெறும் தாள் நின்றது.
கிழங்கு வேகிற வீட்டில் என்ன காணிக்கை என்று
டப்பாவைப் பிடுங்கி மறைத்தேன்.
நீ அதட்டவில்லை.
முறத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த
ஏழெட்டு மணியைப் பொறுக்கி
என் உள்ளங்கையில் வைத்து மூடினாய்.
'இதுவும் பிடிதான்.'
நானே கொண்டுபோய்ப் போட்டேன், எரிச்சலோடு.

செவ்வாய்க்கிழமை, உலை வைக்குமுன், போய்விட்டாய்.
வாலிபர் சங்கம் குழி வெட்டியது.
மூன்று இரவு ஊரே நம் வீட்டில் உட்கார்ந்து பாடியது.
யாருக்கோ சமைக்க வேண்டுமே,
அரிசிப் பானைக்குள் கை விட்டேன்.
முதல் இரண்டு பிடி
எங்கே போகவேண்டுமென்று
கைக்குத் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை அரிசி திரட்ட வந்தவள் மாவிதேயி,
உன்னிடம் நாலாம் வகுப்பை இரண்டு முறை படித்தவள்.
டப்பாவைக் கவிழ்த்தோம்.
திங்கள் இரவு வரை உன்னுடையது,
அதற்குப் பிறகு என்னுடையது.
எந்த மணி யாருடையது,
கழித்துப் பார்க்க வழியில்லை.
நிறுத்தாள்.
வழக்கம்போல் நோட்டில் எழுதினாள்:
ரோசியாமி, ஒன்றே கால் கிலோ.

பிழை.
சிவப்புப் பேனா ஜன்னலில்தான் இருந்தது.
நான் எடுக்கவில்லை.